சங்கக்கடையின் தோல்விக் கடிதங்கள்

ஞானரட்ணம் வீட்டில் மாலை ஆறு மணிக்கு ரெலிபோன் அடித்தால் யாரும் எடுக்கக்கூடாது. அது மனிதர்களுக்கு வருகிற அழைப்பு அல்ல. இரண்டு முறை மணி அடிக்கும். பிறகு வரவேற்பறை மூலையில், புத்தக அலுமாரிக்கும் யன்னலுக்கும் நடுவில் இருக்கிற மொடெம் பெட்டி கீச்சிட்டு, இரைந்து, தானாகவே பேசத் தொடங்கும். அவருடைய மனைவி அருள்நாயகி அந்தச் சத்தத்துக்குப் பூனைச் சண்டை என்று பெயர் வைத்திருந்தார்.

"உங்கட பூனையள் வந்திட்டுது, போய்ப் பாருங்கோ" என்று குசினியிலிருந்து குரல் வரும்.

லண்டனில், ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்குப் பின்தெருவில், ஒரு வீட்டின் மேல்மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். 1989ஆம் ஆண்டு கடைசியில் அந்த வரவேற்பறை மூலையில் ஞானரட்ணம் ஒரு கடை திறந்தார். விற்க ஒன்றும் இல்லாத கடை. கொம்பியூட்டரும் மொடெமும் வைத்திருக்கிற எவரும் அவருடைய வீட்டு எண்ணுக்கு அழைக்கலாம். ரெலிபோன் லைன் வழியாக அவருடைய கொம்பியூட்டருக்குள் வந்து, முன்னால் வந்தவர்கள் எழுதிவிட்டுப் போனதை வாசிக்கலாம், தங்கள் பங்குக்கு நாலு வரி எழுதலாம், போகலாம். இருந்தது ஒரே ஒரு ரெலிபோன் இணைப்பு. ஒருவர் உள்ளே இருக்கும்வரை மற்றவர்களுக்கு 'எங்கேஜ்ட்' சத்தம்தான். அதனால்தான் அதற்குச் சங்கக்கடை என்று பெயர் வைத்தார். கூப்பன் அரிசிக்காகக் கூட்டுறவுச் சங்கக் கடை வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. ஒருவர் சாமான் வாங்கி முடியும்வரை மற்றவர்கள் வெளியே நின்று கதைக்க வேண்டும். இங்கே கதை உள்ளே நடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆளுக்கு இருபது நிமிஷம். வெள்ளிக்கிழமை கடை பூட்டு. அது அருள்நாயகியின் சட்டம். வெள்ளிக்கிழமை பின்னேரம் ரொறன்ரோவில் இருக்கிற தங்கை பாலாம்பிகையோடு கதைக்க அவருக்கு லைன் வேண்டும்.

தமிழ் எழுத்து அந்தக் கொம்பியூட்டர்களில் கிடையாது. எல்லாரும் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். இருபது பேர் வரை வந்து போனார்கள். ஞானரட்ணத்தை எல்லாரும் 'மனேச்சர்' என்று அழைத்தார்கள்.

கடை திறந்து இரண்டாவது மாதம் இல்ஃபோர்டிலிருந்து ஒருவர் உள்ளே வந்தார். பெயர் பத்ரிநாராயணன். திருச்சிக்காரர். லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கத்தில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவர் எழுதிய முதல் வரி இது:

"சங்கக்கடைன்னா என்ன சார், ரேஷன் கடையா? அப்ப சர்க்கரை எப்ப போடுவீங்க?"

மறுநாள் ஞானரட்ணம் பதில் எழுதினார்: "சீனி முடிஞ்சுது ஐசே. மண்ணெண்ணெய்தான் இருக்கு. நெருப்புப்பெட்டி நீங்கள் கையோட கொண்டுவந்திருக்கிறியள் போல."

அதோடு தொடங்கியது. பத்ரி மாலை ஆறு அடிக்க முதல் ஆளாய் வருவார். அலுவலகத்திலிருந்து மாலை ஐந்து மணிக்கே எழுந்து கிளம்பி, ரயில் ஏறி, வீட்டில் காலணியைக்கூடக் கழற்றாமல் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்காருவார் என்று பிற்பாடு அவருடைய மனைவி கல்யாணி சொன்னார்.

ஞானரட்ணத்தின் கடை ஓடியது ஒரு பழைய அமிகா கொம்பியூட்டரில். பத்ரி, அலுவலகங்களில் எல்லாரும் பாவிக்கிற பீசீ கொம்பியூட்டரின் கட்சி. அமிகா மயங்கி விழும்போது திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று மினுங்கும். அதில் 'குரு தியானம்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதைச் செய்தவர்களின் பகிடி அது. பத்ரிக்கு அது போதும்.

"நேத்து கடை ஏன் பூட்டியிருந்தது? குரு மறுபடி தியானத்துல உக்காந்துட்டாரா?"

"எங்கட குரு விழுந்தாலும் தியானம் எண்டு சொல்லிப்போட்டு விழுவார். உங்கட பீசீ ஏன் செத்தது எண்டு சொல்லவும் ஆளில்லாமல் சாகும்."

"தியானம் பண்றவரு கண்ணைத் திறந்து ஒரு பேரேடு ப்ரோகிராமாவது ஓட்டுவாரா? இல்லை விளையாட்டு மட்டும்தானா?"

இப்படி ஒரு நாளைக்கு ஓர் அடி, மறுநாள் பதிலடி. எதிரில் நின்று சண்டை பிடித்தால் வாயில் வந்ததைச் சொல்லிவிடலாம். இங்கே பதில் சொல்ல இருபத்து நாலு மணி நேரம் இருந்தது. ஞானரட்ணம் பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு பெற்றோல் ஷெட்டில் காலை ஆறு மணி ஷிப்டில் நின்றார். கல்லாவில் நின்றபடியே பற்றுச்சீட்டுச் சுருளின் பின்பக்கத்தில் பத்ரிக்குப் பதில் எழுதுவார். பெற்றோல் அடித்துவிட்டு வருகிறவர்கள், தனக்குள் சிரித்துக்கொண்டு மிச்சக் காசு தருகிற அந்த மனிதரைப் பார்த்துத் தாங்களும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அமிகாச் சண்டை மூன்றாவது வாரமும் முடியாமல் போனபோது, மோர்டனிலிருந்து செல்வமலர் என்றொரு பெண் தலையிட்டார். அங்கே கவுன்சில் வீடமைப்புப் பிரிவில் தட்டச்சுச் செய்கிறவர். அதுவரை வாசித்துவிட்டுப் பேசாமல் போய்க்கொண்டிருந்தவர்.

"அண்ணைமார் இரண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்கோ. கவுன்சில்ல ஒரு நாளைக்கு நாற்பது அயல்வீட்டுச் சண்டை என்ர மேசைக்கு வருது. வீட்டை வந்தால் இஞ்சையுமோ? இனி நான் கேள்வி கேக்கிறன், நீங்கள் பதில் சொல்லுங்கோ."

அன்றிலிருந்து அவர் சங்கக்கடையின் நீதவான். அவருடைய சட்டம் சின்னது. வாயால் சொன்னது சாட்சி அல்ல, செய்து காட்டினவர் வெல்வார். தோற்றவர் எல்லாரும் பார்க்கத் தோல்விக் கடிதம் எழுத வேண்டும். அதுவும் ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு மனு எழுதுகிற பாணியில், 'கனம் பொருந்திய' என்று தொடங்கி 'கீழ்ப்படிவுள்ள' என்று முடிக்க வேண்டும். ஒரு சொல் குறைந்தாலும் செல்வமலர் திருப்பி அனுப்புவார். கடிதம் வந்தபிறகு அந்த விஷயத்தைப் பற்றி யாரும் கதைக்கக்கூடாது.

அந்தக் கடிதங்களுக்காகவே ஆட்கள் கடைக்கு வந்தார்கள். தோற்பது ஒரு கலையாகிவிட்டது. வென்றவரை விடத் தோற்றவருக்குக் கைதட்டல் அதிகம். பத்ரியும் ஞானரட்ணமும் மாறிமாறித் தோற்றார்கள். எழுத்தில் இவ்வளவு ஏசிக்கொண்ட இருவரும் ஒருநாளும் நேரில் சந்திக்கவில்லை. சந்தித்தால் சண்டை கெட்டுவிடும் என்று இருவருக்கும் ஒரு பயம் இருந்தது போல.

1991 மே மாதம் கேபிள் வழக்கு வந்தது. அலுவலகங்களில் கொம்பியூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற கறுப்புக் கேபிளைப் பற்றிய பேச்சு அது. அவசரத்துக்கு வீட்டு டிவிக்குப் போடுகிற பழுப்புக் கேபிளை நடுவில் ஒரு துண்டு சேர்த்தாலும் ஓடும் என்றார் பத்ரி. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்று, உள்ளே வேறு இனம், சேர்க்கக்கூடாது என்றார் ஞானரட்ணம். அவர் அதை நூலகத்தில் படித்திருந்தார், கணக்குப் போட்டும் காட்டினார். ஆனால் செய்து காட்ட அவரிடம் ஓர் அலுவலகம் இல்லை. பத்ரியிடம் இருந்தது.

"போட்டுப் பாத்தாச்சு" என்று பத்ரி எழுதினார். "மூணாவது மாடியில ரெண்டு மீட்டர் டிவி கேபிள். காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஜம்முனு ஓடுச்சு. நீதவான் அம்மா, தீர்ப்பு?"

"இண்டைக்கு ஓடும். ஆள் கூடினால் விழும்" என்று ஞானரட்ணம் வாதாடினார்.

"விழுந்த பிறகு வாங்கோ, மனேச்சர்" என்றார் நீதவான். "இப்ப கடிதத்தை எழுதுங்கோ."

அவர் எழுதினார். 'கனம் பொருந்திய நீதவான் அவர்களுக்கு, கீழே கையொப்பமிடும் ஞானரட்ணம் ஆகிய நான், கணக்கை நம்பிக் கேபிளை நம்பாமல் விட்ட குற்றத்துக்காக, பழுப்பு நிறக் கேபிளிடமும் அதன் சுற்றத்தாரிடமும் தாழ்மையுடன் மன்னிப்புக் கோருவது யாதெனில்' என்று தொடங்கிய அந்தக் கடிதத்தை ஆட்கள் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள். பத்ரி அன்று எழுதியது ஒரே வரி: "சார், இதைப் ப்ரேம் போட்டு மாட்டப்போறேன்."

ஞானரட்ணம் சிரித்தார். ஆனால் அந்தத் தோல்வி கொஞ்சம் உறுத்தியது. காரணம் பத்ரி அல்ல. ஞானரட்ணம் கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுபெத்தைப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் இரண்டு வருஷம் படித்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தோடு அது பாதியில் நின்றது. லண்டனுக்கு வந்து, அகதி விண்ணப்பம் போட்டு, பெற்றோல் ஷெட்டில் நின்ற ஏழு வருஷத்தில் முப்பதுக்கு மேற்பட்ட வேலைகளுக்கு எழுதிப்போட்டார். எல்லாப் பதிலும் ஒரே மாதிரி. எங்கே உங்கள் பட்டம், எங்கே உங்கள் அனுபவம்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்குத் தெரியும் என்பதற்கு உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் சாட்சி. அது அவருடைய வரவேற்பறை மூலை.

1992 தை மாதம், மார்ச் கடைசியோடு ஷெட் மூடப்படும், அந்த இடத்தில் வீடு கட்டப்போகிறார்கள் என்று முதலாளி சொன்னார். அருள்நாயகிக்கு அப்போது ஐந்து மாதம். அன்று மாலை ஞானரட்ணம் கடையில் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துவிட்டு மூன்றாம் நாள் பத்ரி எழுதினார்:

"என்ன சார், உடம்பு சரியில்லையா? நேத்து அமிகாவைக் குப்பைன்னு சொன்னேன், கோபமே வரலையே."

எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுதக் கூச்சப்பட்டு, பத்ரிக்கு மட்டும் தனிக் கடிதமாக விஷயத்தை எழுதினார். மறுநாள் ஆறு மணிக்குப் பதில் வந்தது.

"எங்க ஆபீஸ்ல கேபிள், நெட்வொர்க் பாக்க ஒரு ஆள் தேடறாங்க. உங்க பேரைக் குடுத்திருக்கேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே அறிவாளி நீங்கன்னு சொல்லல, தலைக்கனம் ஏறிடும். இன்டர்வியூல நானும் இருப்பேன். நம்ம சண்டையைப் பத்தி மூச்சு விடாதீங்க."

பெப்ரவரி இருபதாம் திகதி வியாழக்கிழமை. ஞானரட்ணம் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். உள்பையில் மின்சாரம் அளக்கிற மீற்றர் இருந்தது. எந்த உடுப்புப் போட்டாலும் அது கூடவே போகும்.

"அதை எடுத்து வையுங்கோவன். குண்டு எண்டு நினைக்கப் போகினம்" என்றார் அருள்நாயகி.

"கோட்டுக்குள்ள பாரமாய் ஏதும் இருந்தால்தான் எனக்குக் கை நடுங்காது."

எழுத்தில் ஆறடி உயரமாக இருந்த பத்ரிநாராயணன் நேரில் அவருடைய தோளுக்குத்தான் வந்தார். வட்ட முகம், தடித்த கண்ணாடி. இருவரும் முன்பின் தெரியாதவர்கள் போலக் கை குலுக்கினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மிஸஸ் ஹார்டிங். அந்தப் பிரிவின் தலைவி. கேள்விகளைச் சுருக்கமாகக் கேட்டார்.

பட்டம்? முடிக்கவில்லை. சான்றிதழ்? இல்லை. ஏழு வருஷமாக என்ன செய்கிறீர்கள்? பெற்றோல் விற்கிறேன். மிஸஸ் ஹார்டிங் விண்ணப்பக் கோப்பை மெல்ல மூடினார். அந்த மூடுகிற விதம் ஞானரட்ணத்துக்குப் பழக்கம்.

அந்த நேரத்தில் ஒரு பெண் கதவைத் தட்டி, மூன்றாவது மாடி நெட்வொர்க் மறுபடி விழுந்துவிட்டது என்றார். மிஸஸ் ஹார்டிங் நெற்றியைப் பிடித்தார். ஏழு மாதமாக இப்படி. வெளியிலிருந்து ஆட்கள் மூன்று முறை வந்து பார்த்துவிட்டார்கள். கொம்பியூட்டர்களுக்குள் இருக்கிற அட்டைகளை மாற்றினார்கள். இரண்டு நாள் ஓடும், பிறகு விழும். பத்ரி தொண்டையைச் செருமினார். ஆட்கள் வர இரண்டு மணி நேரமாவது ஆகும், இவர் சும்மாதானே இருக்கிறார், ஒருமுறை பார்க்கட்டுமே என்றார்.

மூன்றாவது மாடியில் இருபத்திரண்டு கொம்பியூட்டர்கள் ஒரே கறுப்புக் கேபிளில் கோர்த்திருந்தன. தேர் வடம் பிடிக்கிற மாதிரி ஒரே கயிற்றை எல்லாரும் பிடித்திருக்கிற ஏற்பாடு அது. எங்காவது ஓர் இடத்தில் பிசகினால் தேரே நின்றுவிடும். ஞானரட்ணம் மீற்றரை வைத்து அளந்தார். வர வேண்டிய எண் சரியாக வந்தது. கேபிள் எங்கும் அறுபடவில்லை, இரண்டு முனைகளும் சரி. வந்த ஆட்கள் இந்த இடத்தில்தான் நின்றிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. மீற்றர் சரி என்றதும் கேபிள் சரி என்று எழுதிவிட்டு, கொம்பியூட்டர்களைப் பிடித்திருப்பார்கள்.

மீற்றர் சரி என்கிறது. ஆனாலும் விழுகிறது. அப்படியானால் அளவுக்குள் அகப்படாத ஒன்று எங்கோ இருக்கிறது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

கோட்டைக் கழற்றி ஒரு கதிரையில் போட்டுவிட்டு, மேசைகளுக்குக் கீழே படுத்து, கேபிள் ஓடுகிற தரைப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். மிஸஸ் ஹார்டிங் தூரத்தில் கைகட்டி நின்றார். பத்ரி பக்கத்தில் குந்தியிருந்து கைவிளக்கைப் பிடித்தார்.

ஆறாவது பலகையைத் தூக்கியபோது இரண்டு கறுப்புத் துண்டுகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் இரண்டு மீட்டர் கேபிள் கிடந்தது. நல்ல எஞ்சினியர் என்றபடியால், போட்டவர் அதில் லேபிளும் ஒட்டியிருந்தார். தமிழில், அழகான கையெழுத்தில்: 'சங்கக்கடை சோதனை, 14.5.91, பத்ரி.'

கைவிளக்கு ஆடியது.

"ஐசே" என்றார் ஞானரட்ணம் மெதுவாக. எழுத்தில் மட்டும் பத்ரியை அழைத்துவந்த அந்தச் சொல்லை அவர் வாயால் சொன்னது அதுவே முதல்தடவை. "கழட்டேல்லையோ?"

"ஐயோ சார்." பத்ரியின் முகத்தில் ரத்தமே இல்லை. "அன்னிக்கு சாயங்காலம் நீங்க தோல்விக் கடிதம் போட்டீங்க இல்ல... அதை நாலு தடவை படிச்சேன். அந்த சந்தோஷத்துல மறந்தே போயிட்டேன். ஆபீஸ்ல அப்ப எட்டு மெஷின்தான். அப்புறம் ஆகஸ்ட்ல ஒரேடியா பதினாலு சேர்த்தோம்..."

"ஆள் கூடினால் விழும் எண்டு சொன்னனான்தானே."

"இப்ப அதைச் சொல்லணுமா சார்?"

ஞானரட்ணம் லேபிளை உரித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்தார். பழுப்புத் துண்டைக் கழற்றி, பத்ரியின் மேசையிலிருந்து வந்த கறுப்புத் துண்டைப் பூட்டினார். ஒவ்வொன்றாகத் திரைகள் உயிர்பெற்றன. யாரோ கைதட்டினார்கள். நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

என்ன பிழை என்று மிஸஸ் ஹார்டிங் கேட்டார். யாரோ பிழையான இனக் கேபிளைச் சேர்த்திருக்கிறார்கள் என்றார் ஞானரட்ணம். யார், அந்த வெளியாட்களா? ஓம் என்று ஒரு சொல் சொன்னால் விஷயம் முடிந்துவிடும். முகம் தெரியாத ஆட்களின் தலையில் அதைக் கட்ட அவருக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் நின்றவரைக் காட்டவும் கை எழவில்லை.

என்னால் சொல்ல முடியாது என்றார்.

தெரியாதா, அல்லது சொல்ல மாட்டீர்களா?

அவர் கோட்டைப் போட்டுக்கொண்டார். மிஸஸ் ஹார்டிங் சிறிது நேரம் அவரையே பார்த்தார். "எழுதுவோம்" என்றார்.

ரயிலில் ஈஸ்ட் ஹாம் வரும்வரை ஞானரட்ணத்துக்கு ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. வாழ்க்கையில் முதல்தடவையாகக் கையால் செய்து காட்டினேன், அதை வாயால் கெடுத்துவிட்டேன்.

"என்ன சொன்னவை?" என்று அருள்நாயகி வாசலிலேயே கேட்டார்.

"எழுதுவினமாம்."

எழுதுவோம் என்றால் என்ன என்று அந்த வீட்டில் இருவருக்கும் தெரியும். அவர் நடந்ததை முழுக்கச் சொன்னார். அருள்நாயகி கேட்டுக்கொண்டே வெங்காயம் வெட்டினார்.

"நீங்கள் சொல்லியிருக்கலாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சொல்லாமல் விட்டதும் சரிதான்" என்றார். சாப்பாடு போடும்போது, "ஆனாலும் சொல்லியிருக்கலாம்" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கடை பூட்டு. சனிக்கிழமை ஆறு மணிக்கு ரெலிபோன் அடித்தது. வந்தது செல்வமலர். ஞாயிறும் அவர்தான். திங்கள், செவ்வாய், புதன், பத்ரியைக் காணவில்லை.

"எங்கை எதிர்க்கட்சி?" என்று செல்வமலர் எழுதினார். "கடை செத்த வீடு மாதிரிக் கிடக்கு."

"லீவு" என்று ஒரு சொல்லில் ஞானரட்ணம் பதில் எழுதினார். லேபிளை அவர் அலுமாரியில் ஒரு புத்தகத்துக்குள் வைத்திருந்தார். வேலை போனதைவிட, அந்த ஆறு மணி அழைப்பு நின்றுபோனது பெரிய இழப்பு என்று நினைத்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஷெட் மூட இன்னும் ஐந்து கிழமைதான் இருந்தது.

இன்டர்வியூ நடந்து எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்கு ரெலிபோன் அடித்தது. தங்கைதான் என்று அருள்நாயகி ஓடிப்போய் எடுத்தார். காதுக்குள் கீச்சென்று பாய்ந்தது. ரிசீவரைத் தூர நீட்டிப் பிடித்தார்.

"இஞ்சை பாருங்கோ! உங்கட பூனை ஒண்டு வெள்ளிக்கிழமையும் வந்து நிக்குது!"

ஞானரட்ணம் ஓடிப்போய் அமிகாவைப் போட்டார். அது விழித்து எழும்ப மூன்று நிமிஷம். அதற்குள் ரெலிபோன் இன்னும் இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. நாலாவது முறை மொடெம் எடுத்தது. திரையில் பெயர் வந்தது: பத்ரிநாராயணன், இல்ஃபோர்ட்.

கடைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. உள்ளே வந்தவர் எழுதுவதை எழுத்தெழுத்தாகத் தன் திரையில் பார்க்கலாம். அருள்நாயகியும் பின்னால் வந்து நின்றார். அடித்ததும் அழித்ததும் மறுபடி அடித்ததுமாக அந்தக் கடிதம் அவர்கள் கண் முன்னால் வளர்ந்தது.

'கனம் பொருந்திய சங்கக்கடை மனேச்சர் அவர்களின் சமூகத்துக்கு, இல்ஃபோர்ட் பத்ரிநாராயணன் தாழ்மையுடன் விண்ணப்பித்துக்கொள்வது யாதெனில்:

மேற்படி பழுப்புக் கேபிள் வழக்கில் சென்ற வருஷம் மே மாதம் தாங்கள் எழுதிய தோல்விக் கடிதம் தங்களுடையது அல்ல. அது என்னுடையது. ஒன்பது மாதம் தவறான முகவரியில் இருந்துவிட்டது. இத்தால் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

இன்று காலை மிஸஸ் ஹார்டிங்கிடம் போய், அந்தக் கேபிளைப் போட்டவன் நானே என்றும், ஒரு வாக்குவாதத்தில் ஜெயிக்கப் போட்டேன் என்றும், ஜெயித்த சந்தோஷத்தில் கழற்ற மறந்தேன் என்றும் ஒப்புக்கொண்டேன். என்ன வாக்குவாதம் என்று கேட்டார். விளக்கிச் சொல்ல முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை சிரித்தார். முடிவில் சிரிக்காமல் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். இந்த வருஷம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வராது. வராதது நியாயமே. இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் தைரியம் வரவில்லை. அந்த ஒரு வாரத்துக்குத் தனியாக மன்னிப்பு.

போட்டது நான் என்று தங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியும், லேபிளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள் என்றேன். ஏழு மாதமாக ஒருவரும் கண்டுபிடிக்காததை நாற்பது நிமிஷத்தில் கண்டுபிடித்தவரிடம் இன்னும் என்ன சான்றிதழ் கேட்பது என்று சொல்லிவிட்டு, தங்கள் கோப்பில் கையெழுத்துப் போட்டார். மார்ச் பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. கடிதம் தபாலில் வருகிறது. வரும்போது லேபிளை எடுத்துவரச் சொன்னார். என் எச்சரிக்கைக் கடிதத்தோடு சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டுமாம்.

இப்படிக்கு, தங்கள் தோற்றுப்போன, கீழ்ப்படிவுள்ள, பத்ரிநாராயணன்.'

"பதினாறாம் திகதி எண்டோ கிடக்கு?" என்றார் அருள்நாயகி. "எனக்கு எழுத்துத் தெரியேல்லை. வாசியுங்கோ."

அவருக்கும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொருதரம் வாசித்தார். குசினியிலிருந்து கறி அடிப்பிடித்த மணம் வந்தது. ஒருவரும் அசையவில்லை.

கடைக்காரருக்கு இன்னொரு வசதியும் உண்டு. உள்ளே இருக்கிறவரோடு நேரடியாகத் தட்டச்சில் கதைக்கலாம். ஞானரட்ணம் ஒருநாளும் அதைப் பாவித்ததில்லை.

"ஐசே."

"சார்? இருக்கீங்களா? பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"நன்றி."

"ரூல் ரூல்தான் சார். தோத்தவன் எழுதணும். ஆனா ஒண்ணு, அமிகா இன்னமும் குப்பைதான்."

அதன்பிறகு ஐந்தரை வருஷம் அவர்கள் ஒரே அறையில் அடுத்தடுத்த மேசையில் வேலை செய்தார்கள். அலுவலகத்தில் மிகவும் மரியாதை. 'சார் ஒரு நிமிஷம்', 'பத்ரி, இதை ஒருக்காப் பாருங்கோ.' அங்கே இவர்கள் குரலை உயர்த்தியதை யாரும் கேட்டதில்லை. ஐந்து மணிக்கு இருவரும் எழுந்து லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை ஒன்றாக நடந்து, வேறு வேறு ரயில் ஏறி, ஆறு மணிக்குச் சங்கக்கடையில் ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். மிஸஸ் ஹார்டிங் ஒரு வருஷம் பொறுத்து பத்ரிக்கு அந்தப் பதவி உயர்வைக் கொடுத்தார். ஞானரட்ணத்தின் மகள் றோஸ்மலரின் முதலாவது பிறந்தநாளுக்குப் பத்ரியும் கல்யாணியும் வந்தபோது, பிள்ளைக்குக் கொண்டுவந்த பரிசுப் பெட்டி பழுப்புக் கேபிளால் கட்டப்பட்டிருந்தது.

1997 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்ரிக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். நாற்பத்தேழு வயது.

இல்ஃபோர்டில் அந்த வீட்டு முன்னறையில் கல்யாணிக்குப் பக்கத்தில் ஞானரட்ணம் உட்கார்ந்திருந்தார். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாள் தொங்கியது. பக்கத்தில் போய்ப் பார்த்தார். பழுப்புக் கேபிளிடமும் அதன் சுற்றத்தாரிடமும் அவர் மன்னிப்புக் கேட்ட கடிதம்.

"அது தப்பான கடிதம்னு அவருக்குத் தெரியும்" என்றார் கல்யாணி. "எடுத்துடுங்கோன்னு நானே சொல்லியிருக்கேன். மாட்டேன்னுட்டார். இதாலதான் எனக்கு சார் கிடைச்சார்னு சொல்வார்."

அந்த நேரத்தில் சங்கக்கடைக்கு வருகிறவர்கள் ஏழெட்டுப் பேராகக் குறைந்திருந்தார்கள். மற்றவர்கள் இன்டர்நெட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே வரிசை இல்லை, இருபது நிமிஷக் கணக்கு இல்லை. பத்ரி போன செய்தியை ஞானரட்ணம் இரண்டு வரியில் எழுதி வைத்தார். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு மொடெமுக்கு முன்னால் உட்கார்ந்தார். ரெலிபோன் அடிக்கவில்லை. லைனில் பிழையோ என்று ரிசீவரை எடுத்துப் பார்த்தார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஆறு இருபதுக்கு மணி அடித்தது. செல்வமலர். புதன்கிழமையும் அப்படித்தான். ஆறிலிருந்து ஆறு இருபது வரை ஒரு அழைப்பும் இல்லை, அதன்பிறகுதான் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவரோடொருவர் பேசி முடிவெடுத்தார்களா என்று அவர் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. ஒரே ஒரு லைனுக்காக எட்டு வருஷம் முட்டிமோதிய ஆட்கள் பத்ரியின் அந்த முதல் இருபது நிமிஷத்தை வெறுமனே விட்டுவைத்தார்கள்.

அந்த இருபது நிமிஷத்தில் ஞானரட்ணம் விளக்கைப் போடாமல் இருப்பார். அருள்நாயகி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் போவார். சில நாளில் பத்ரியின் பழைய அடிகளை எடுத்து வாசிப்பார். தனக்குள் சிரிப்பார். கலியாணக் கோட்டோடு அந்தத் தரையில் படுத்திருந்ததும் கைவிளக்கு ஆடியதும் நினைவுக்கு வரும். வாழ்நாளில் ஒருவன் தனக்காகத் தோற்க முன்வருவது எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று யோசிப்பார்.

பிறகு மணி அடிக்கும், பூனைகள் கீச்சிடும்.

"மனேச்சர், கியூ தொடங்கலாமோ?" என்று செல்வமலர் கேட்பார்.

"ஓம் பிள்ளை, வாங்கோ" என்று அடித்துவிட்டு, அவர் எழும்பிப்போய் விளக்கைப் போடுவார்.